நாகசுரச் சக்கரவர்த்தி இராஜரத்தினம் பிள்ளை



1956ஆம் ஆண்டிலே, உலகத்தின் இரு வேறு கோடிகளில், மூச்சுக் காற்றை இசையாக மாற்றும் கலையில் ஈடு இணையற்று விளங்கிய இருவர் மறைந்தனர். ஜூன் மாதம் 26ஆம் நாள், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், மழை கொட்டிய ஓர் இரவில், மோட்டார் வண்டி விபத்தொன்றிலே கிளிஃபோர்ட் பிரவுண் என்னும் கறுப்பின இளைஞர் உயிர் துறந்தார். டிரம்பெட் என்னும் பித்தளை ஊதுகுழலை வாசித்தவர் அவர். அப்போது அவருக்கு வயது 25. அதே ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள், சென்னை மாநகரிலே, நாகசுரச் சக்கரவர்த்தி எனப் போற்றப்பெற்ற திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை தமது 58ஆம் வயதில் காலமானார்.

ஒருவரை மற்றவர் அறிந்திருக்க நியாயமில்லை. ஆயினும் இருவரும் செய்த காரியம் ஒன்றே. எழுதி வைத்ததை ஒப்பிப்பது அவர்கள் தொழில் அன்று. ஒரு சிறு சுர அடுக்கை எடுத்துக்கொண்டு, கேட்போர் முன்னிலையிலேயே, அந்தக் கணத்திலே, அதற்கு முன் இல்லாத ஒன்றை உண்டாக்கிக் காட்டுவது அவர்கள் தொழில். நம்மவர் இதனை மனோதர்மம் என்பர். அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஜாஸ் இசைக்கும் இதுவே உயிர்நாடி. இன்றைய பேச்சு பிள்ளையவர்களைப் பற்றியதே. எனினும் இடையிடையே அந்த அமெரிக்கக் குழலிசையாளர்களையும் நினைத்துக்கொள்வது பயனுடையதாகும்.

நாகசுரம் வாசிப்பவர் நடப்பவர், நடவாதபோது நிற்பவர். சுவாமி புறப்பாட்டின்போது மல்லாரி வாசித்தபடி முன்னே நடப்பார். வீதி மூலைகளிலே மண்டகப்படிக்காகச் சுவாமி நிற்குமிடத்தில் தாமும் நின்று இராகம் வாசிப்பார். கலியாண ஊர்வலத்தில் மாப்பிள்ளையின் வண்டிக்கு முன்னே நடப்பார். கேட்பவர்கள் திண்ணையிலே அமர்ந்திருப்பார்கள்; வாசிப்பவர் தெருவிலே நின்றிருப்பார். வாய்ப்பாட்டு வித்துவான் மேடையில் சம்மணமிட்டு அமர்ந்து பாட, அவருக்கு எதிரே பிரபுக்கள் அமர்ந்து கேட்டனர். அதே இராகத்தை, அதனினும் விரிவாக, நான்கு நாழிகை வாசிக்கவல்ல நாகசுரக்காரருக்கோ பாய் விரிக்கப்படவில்லை. செல்வர் மாளிகைகளிலும் மடங்களிலும் மேலாடையை இடுப்பிற் கட்டிக்கொண்டு வெற்று மார்புடன் நிற்பதே அவருக்கு முறை என வகுத்திருந்தனர். இசையிலே உயர்ந்தவர், சபையிலே தாழ்ந்தவர். இந்த முரண்பாட்டுக்குள் பிறந்து, அதனோடு வாழ்நாள் முழுதும் மல்லாடியவர் இராஜரத்தினம் பிள்ளை.

இம்மத்திய மலைநாட்டில் வாழ்வோருக்கு இந்த முரண்பாட்டை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அட்டனிலும் நுவரெலியாவிலும் தேயிலைத் தோட்டங்களிலே, இருள் பிரியுமுன் தப்படித்து லயங்களிலுள்ளோரை எழுப்பிப் பெரட்டுக் களத்துக்கு அழைக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. அதே தப்புத்தான் மாசி மாதத்திலே காமன் கூத்துக்கும் முழங்கியது. மாரியம்மன் திருவிழாவிலும் முழங்கியது. இழவு வீட்டிலும் முழங்கியது. பிறப்பு முதல் இறப்பு வரை தோட்டத்துக்கு நேரம் சொன்னது அந்தத் தோற்கருவி. அதை அடித்தவரின் இடமோ கோயில் முற்றத்துக்கு வெளியே.

அமெரிக்கத் தோட்டங்களின் கதை இதனினும் கொடிது. தென் கரோலினாவில் 1739ஆம் ஆண்டு அடிமைகள் கிளர்ந்தெழுந்தபோது, அவர்களை ஒன்றுகூட்டியது முரசொலி. மறு ஆண்டே அங்கே இயற்றப்பட்ட சட்டம் அடிமைகள் முரசு வைத்திருப்பதைத் தடை செய்தது. இங்கே முரசை வேலைக்கு மணியாக்கினார்கள். அங்கே முரசையே பறித்தார்கள். முரசை இழந்த மக்கள் கைதட்டலிலும், காலடி ஓசையிலும், தேவாலயப் பாட்டிலும் தங்கள் தாளத்தைக் காப்பாற்றி வைத்திருந்தனர். இரண்டு நூற்றாண்டு கழித்து, 1950களின் நடுவிலே, ஆர்ட் பிளேக்கி, ஹொரஸ் சில்வர், கிளிஃபோர்ட் பிரவுண் முதலியோர் அந்தத் தேவாலயப் பாட்டையும் தோட்டத்துச் சோகப் பாட்டையும் மீண்டும் ஜாஸ் இசையின் நடுவிலே கொண்டுவந்து வைத்தனர். ஹார்ட் பாப் என்று அந்தப் பாணிக்குப் பெயர் வழங்கிற்று. தங்கள் பாட்டன்மாரின் இசையை நாகரிகம் கருதி மறைக்க வேண்டியதில்லை என்பது அவர்கள் இசை சொன்ன செய்தி.

பிள்ளையவர்களின் வரலாற்றுக்கு வருவோம். அவர் 1898ஆம் ஆண்டு தஞ்சைத் தரணியிலே திருமருகலில் பிறந்தார். இளம் வயதிலேயே தந்தையை இழந்த அவரை வளர்த்து ஆளாக்கியவர் தாய்மாமனாராகிய திருமருகல் நடேச பிள்ளை. நடேச பிள்ளை திருவாவடுதுறை ஆதீனத்தின் நாகசுர வித்துவான். அந்த ஆதீனம் வெறும் சமய மடம் மட்டும் அன்று. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் உ. வே. சாமிநாதையர் பாடம் கேட்ட இடம் அது. நமது யாழ்ப்பாணத்து ஆறுமுகம் பிள்ளைக்கு 'நாவலர்' என்னும் பட்டத்தை வழங்கியதும் அதே ஆதீனந்தான். தமிழும் சைவமும் இசையும் ஒன்றாக வளர்ந்த அந்த மண்ணிலே சிறுவன் இராஜரத்தினம் வளர்ந்தான்.

அவர் முதலிற் கற்றது நாகசுரம் அன்று, வாய்ப்பாட்டு. திருக்கோடிகாவல் கிருஷ்ணையரிடம் அவர் இசை பயின்றார். பின்னர் அம்மாசத்திரம் கண்ணுசாமி பிள்ளை முதலியோரிடம் நாகசுரம் கற்றார். இந்த வரிசை முக்கியமானது. முதலிற் பாடக் கற்றவன் கருவியைக் கையிலெடுத்தால் கருவியைப் பாட வைக்கப் பார்ப்பான். விரலின் வித்தை அவனுக்குப் போதாது. பிள்ளையவர்களின் வாசிப்பிலே சொற்கள் இல்லாமலே ஒருவர் பாடுவது போன்ற உணர்ச்சி எழுவதற்கு அந்த முதற் பயிற்சியே காரணம் என்று சொல்லலாம்.

நாகசுரம் எத்தகைய கருவி என்பதை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஆச்சா மரத்தைக் கடைந்து செய்த நீண்ட குழல். கீழே விரிந்த அணசு. மேலே நாணற் புல்லாற் செய்த சீவாளி. விரல் வைத்து வாசிக்க ஏழு துளைகள். இந்த ஏழு துளைகளுக்குள்ளே தமிழிசையின் அத்தனை நுட்பங்களும் அடங்கவேண்டும். வீணையிலே மெட்டு உண்டு; ஆர்மோனியத்திலே கட்டை உண்டு. நாகசுரத்திலே சுரத்தின் சரியான இடத்தைக் காட்ட எதுவும் இல்லை. ஒரு துளையை முழுதும் திறப்பதா, பாதி மூடுவதா, காற்றை அழுத்துவதா, இதழைத் தளர்த்துவதா என்பதெல்லாம் வாசிப்பவரின் காதும் உதடும் முடிவு செய்யவேண்டியவை. சீவாளி எச்சிலில் நனைந்து பதமானாலொழியப் பேசாது. குளிர் காலத்திலே நுவரெலியா போன்ற இடங்களில் வாசிக்க வருவோர் இன்னொரு தொல்லையையும் அறிவர். காற்றின் வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் குறைந்தால் அதிலே ஒலி செல்லும் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 0.6 மீற்றர் குறையும். அதற்கேற்ப ஊதுகுழலின் சுருதியும் சிறிது இறங்கும். தஞ்சாவூர் வெயிலிற் சேர்ந்த சுருதி மலைப் பனியிலே சேராது; ஊதி ஊதிக் குழலைச் சூடேற்றிய பின்னரே இணங்கும். தப்படிப்பவர் நெருப்பு மூட்டித் தோலைக் காய்ச்சுகிறார். நாகசுரக்காரர் தம் மூச்சாலேயே மரத்தைக் காய்ச்சுகிறார்.

பிள்ளையவர்களின் இளமைக் காலத்திலே பெரும்பாலும் வழங்கியது திமிரி நாகசுரம். அது குட்டையானது, சுருதி உச்சமானது. வீதியிலே ஆயிரம் பேர் இரைச்சலுக்கு மேலே ஒலிக்க வேண்டிய கருவி உரத்து ஒலிப்பதில் வியப்பில்லை. ஆனால் அதிலே ஒரு குறை இருந்தது. சுத்த மத்தியமம் என்னும் சுரம் அதன் சரியான இடத்திலே இயல்பாக நிற்பதில்லை. வித்துவான்கள் தங்கள் திறமையால் அதனைச் சமாளித்து வந்தனர். சமாளிப்பதிற் பிள்ளையவர்களுக்குத் திருப்தி இல்லை. கும்பகோணத்துக்கு அண்மையிலுள்ள நரசிங்கம்பேட்டையிலே நாகசுரம் செய்வதிற் கைதேர்ந்த அரங்கநாத ஆசாரியாரோடு சேர்ந்து அவர் பல பரிசோதனைகளைச் செய்வித்தார். குழலை நீளமாக்கி, துளைகளின் இடத்தையும் உட்கூட்டின் அளவையும் மாற்றி மாற்றிப் பார்த்து, இறுதியிலே சுத்த மத்தியமம் தானாகவே சுத்தமாகப் பேசும் பாரி நாகசுரம் உருவாயிற்று. அதன் நீளம் ஏறத்தாழ இரண்டரை அடி, சுருதி தாழ்ந்தது, நாதம் கனத்தது.

இந்த மாற்றத்தைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. பிள்ளையவர்களின் பெயரைக் கேட்டதும் இசை அறிந்தோர் உச்சரிக்கும் இராகம் தோடி. எழுபத்திரண்டு மேளங்களில் எட்டாவது மேளமாகிய தோடியிலே வருவது சுத்த மத்தியமம். சட்சத்தையும் பஞ்சமத்தையும் தொடாமல் இடையிலுள்ள சுரங்களிலேயே உலவும்போது அந்த இராகத்தின் அழகு வெளிப்படும். அப்படி உலவுவதற்கு மத்தியமம் உறுதியாக நிற்க வேண்டும். நிலை தளர்ந்த மத்தியமத்தின் மேல் தோடி என்னும் மாளிகையை எழுப்ப இயலாது. தோடியால் அவர் புகழ் பெற்றார் என்று கூறுவோர், அந்தத் தோடிக்காக ஒரு கருவியையே திருத்தினார் என்பதையும் சேர்த்துக் கூறுதல் வேண்டும். ஆசாரியாரின் பெயரை அவர் பெயருக்கு அடுத்தபடியாகச் சொல்வதே முறை. உளி பிடித்தவரை மறந்து குழல் பிடித்தவரை மட்டும் பாடுவது நம்மிடையே உள்ள ஒரு பழைய குறை.

சுருதி தாழ்ந்ததனால் வேறொரு பயனும் விளைந்தது. வீதிக்கு ஏற்ற கருவி மண்டபத்துக்கும் ஏற்றதாயிற்று, ஒலிவாங்கிக்கும் ஏற்றதாயிற்று. அந்தக் காலமோ ஒலிவாங்கியின் காலம். 1938இலே சென்னை வானொலி நிலையமும் 1939இலே திருச்சி வானொலி நிலையமும் தொடங்கின. கிராமபோன் இசைத்தட்டுகள் ஏற்கெனவே ஊரூராகப் பரவியிருந்தன. பக்கமொன்றுக்கு ஏறத்தாழ மூன்று நிமிடமே இடங்கொடுக்கும் தட்டு அது. இரவெல்லாம் ஒரே இராகத்தை வாசித்துப் பழகியவர் மூன்று நிமிடத்துக்குள் தோடியை அடக்குவதாவது! ஆனால் அடக்கினார். எங்கே தொடங்குவது, எதை விடுவது, எந்தப் பிடியை ஒரு முறை மட்டும் காட்டிவிட்டு நகர்வது என்று தெரிந்தவருக்கே அது இயலும். அவரது தோடி இசைத்தட்டு தமிழ் வழங்கும் இடமெல்லாம் ஒலித்தது. கோயில் வாசலை மிதிக்க அனுமதி பெறாதவரும், கச்சேரிக்குச் சீட்டு வாங்க இயலாதவரும், தேநீர்க் கடை வாசலில் நின்று அந்தத் தோடியைக் கேட்க முடிந்தது.

கடல் கடந்து இலங்கையிலும் இதுவே நிலை. 1925இலே ஒலிபரப்புத் தொடங்கி, 1949இலே இலங்கை வானொலி என்று பெயர் பெற்ற நமது நிலையத்தின் தமிழ்ச் சேவையைத் தமிழ்நாட்டு மக்களும் ஆவலோடு கேட்ட காலம் ஒன்று இருந்தது. தோட்டங்களில் ஒரு லயத்திலே ஒரு வானொலிப் பெட்டி இருந்தால், அது அந்த லயம் முழுவதற்கும் உரியது. திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, சேலம், மதுரைச் சீமைகளிலிருந்து கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்குமாக வந்து குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு, பாட்டன் விட்டுவந்த ஊரின் கோயில் வாசல் அந்தப் பெட்டியின் வழியே ஒலித்தது.

இனி அவர் மேடையிலே செய்த மாற்றங்களைப் பார்ப்போம். நாகசுரத்துக்குச் சுருதி கூட்டுவது ஒத்து. மூச்சு விடாமல் ஒரே சுரத்தை ஊதிக்கொண்டே இருப்பது ஒத்துக்காரரின் பணி. இசையுலகில் அதைவிட நன்றி கெட்ட வேலை வேறொன்றும் இருக்க முடியாது. பிள்ளையவர்கள் ஒத்துக்குப் பதிலாகச் சுருதிப் பெட்டியையும் தம்புராவையும் வைத்துக்கொண்டார். வாய்ப்பாட்டு வித்துவானுக்குப் பின்னே தம்புரா மீட்டப்படுமாயின் நாகசுர வித்துவானுக்குப் பின்னும் மீட்டப்படலாம் என்பது அதன் கருத்து. சுருதி சம்பந்தமான மாற்றந்தான். ஆனால் சுருதி மட்டும் சம்பந்தப்பட்டதன்று.

அவர் அமர்ந்து வாசித்தார். அதற்காக வாதாடினார், சண்டையும் இட்டார். குடுமியைக் களைந்து கிராப்பு வைத்துக்கொண்டார். கோட்டும் அணிந்தார். தமக்கு முன்னிருந்த பெரிய வித்துவான்களெல்லாம் மேலாடையை இடுப்பிற் கட்டி நின்ற இடங்களிலே இவர் சட்டையுடன் போய் உட்கார்ந்தார். பாடகருக்கு என்ன மரியாதையோ அதே மரியாதை, பாடகருக்கு என்ன சன்மானமோ அதற்குக் குறையாத சன்மானம் என்று நிபந்தனை வைத்தார். செருக்கு என்றனர் சிலர். செருக்குத்தான், அதில் ஐயமில்லை. 'நாகசுரச் சக்கரவர்த்தி' என்ற பட்டத்தைப் பிறர் சொல்லக் கேட்டு நாணியவர் அல்லர் அவர். தாமே அதனைச் சூட்டிக்கொண்டவர். ஆனால் நூற்றாண்டுகளாகக் குனிய வைக்கப்பட்ட ஒரு கூட்டத்திலிருந்து ஒருவன் நிமிரும்போது, அவன் சற்று அதிகமாகவே நிமிர்ந்து நிற்பது இயல்பு. அடக்கம் என்பது மரியாதை பெற்றவருக்கு அழகு செய்யும் பண்பு. மரியாதையே கிடைக்காதவரிடம் அடக்கத்தை எதிர்பார்ப்பவர், அவர் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்.

அமெரிக்காவிலும் இத்தகைய செருக்கு வேண்டியிருந்தது. 1959ஆம் ஆண்டு ஆகஸ்ட் 25ஆம் நாள் நியூயோர்க்கிலே பேர்ட்லாண்ட் என்னும் இசைக் கூடத்தின் வாசலில், டிரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸ் சற்றே இளைப்பாற வெளியே வந்து நின்றார். அவர் பெயர் அந்தக் கூடத்தின் முகப்பிலே எழுதப்பட்டிருந்தது. அவ்விடத்தை விட்டு நகரும்படி ஒரு பொலிசுக்காரர் அவருக்குக் கட்டளையிட்டார். தாம் அங்கே வாசிப்பவர் என்று அவர் சொல்லியும் பயனில்லை. தலையில் அடிபட்டு இரத்தம் வடியக் காவல் நிலையத்துக்குக் கொண்டு செல்லப்பட்டார். அவரது மிகச் சிறந்த இசைத்தட்டுகளுள் ஒன்று வெளிவந்து ஒரு வாரமே ஆகியிருந்தது. இசை உள்ளே அமர்ந்திருக்கும். இசைப்பவனுக்கு வாசலில் நிற்கவும் இடமில்லை. திருமருகலுக்கும் நியூயோர்க்குக்கும் தூரம் அதிகம். இந்த ஒரு விஷயத்திலே அத்தூரம் அவ்வளவாகத் தெரியவில்லை.

1940ஆம் ஆண்டிலே பிள்ளையவர்கள் 'காளமேகம்' என்னும் திரைப்படத்திலே கவி காளமேகமாக நடித்தார். அதனை இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்னும் அமெரிக்கர். பாடத் தெரிந்தவர் யாராயினும் அவரைத் திரைக்கு இழுத்த காலம் அது. பிள்ளையவர்களின் அரியணை அங்கே இல்லை; இதிலே அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை.

1947ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 14ஆம் நாள் மாலை நிகழ்ந்ததுதான் குறிப்பிடத் தக்கது. இந்தியா சுதந்திரம் அடையும் நள்ளிரவுக்குச் சில மணி நேரத்துக்கு முன், திருவாவடுதுறை ஆதீனத்தின் சார்பிலே தம்பிரான் ஒருவர் செங்கோலுடன் டில்லிக்குச் சென்று ஜவஹர்லால் நேருவைக் கண்டார். அந்தக் குழுவோடு சென்றவர் ஆதீன வித்துவானாகிய இராஜரத்தினம் பிள்ளை. அந்தச் செங்கோலின் பொருளைப் பற்றி அண்மையிலே பெரிய வாதப் பிரதிவாதங்கள் நிகழ்ந்தன. அவற்றுள் நாம் நுழைய வேண்டியதில்லை. தஞ்சாவூர் வீதிகளிலே பிறந்த ஒரு கருவி, ஒரு பெரிய நாடு பிறந்த நாளிலே அதன் தலைநகரத்தில் ஒலித்தது என்பதே நமக்குப் போதும்.

அவரது வாசிப்பைப் பற்றிச் சில சொல்ல வேண்டும். நாகசுரத்துக்கு இரு தவில்கள் இடியென முழங்கப் பக்கபலமாக நிற்கும். நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை போன்ற தவில் மேதைகள் அவருக்கு வாசித்திருக்கிறார்கள். ஆனால் இராகம் வாசிக்கத் தொடங்கினால் தவில் ஓய்ந்திருக்க வேண்டும். அவ்வேளையிலே தாளமும் இல்லை, சாகித்தியமும் இல்லை. தனி ஒருவரின் மூச்சு மட்டுமே உண்டு. கீழ்ச் சுரங்களிலே மெல்ல மெல்ல உலாவி, ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றி வந்து, கேட்பவர் அடுத்த சுரத்துக்கு ஏங்கத் தொடங்கிய பின்னரே அதனைத் தொடுவார். பிறகு எதிர்பாராத நேரத்தில் மேல் ஸ்தாயிக்கு ஒரே பாய்ச்சல். அங்கிருந்து பெருமழை பொழிவது போன்ற பிருகாக்கள். வேகம் அவருக்கு எளிது. ஆனால் வேகத்தை அவர் நெடுநேரம் ஒளித்து வைத்திருப்பார். ஜி. என். பாலசுப்பிரமணியம் போன்ற வாய்ப்பாட்டு மேதைகள் நாகசுரத்தின் இந்தப் போக்கைத் தங்கள் ஆலாபனையிலே ஏற்றுக்கொண்டனர். வீதியில் நின்றவரின் இசையை மேடையில் அமர்ந்தவர் கற்றுக்கொண்டார். கற்பித்தவருக்கு மேடையிலே இடமளிக்க மட்டும் உலகம் அத்தனை காலம் எடுத்துக்கொண்டது.

மேதையின் குறைகளையும் மறைப்பதற்கில்லை. பிள்ளையவர்கள் மதுவுக்கு ஆட்பட்டிருந்தார். ஒப்புக்கொண்ட இடத்துக்குக் காலந்தாழ்த்தி வருவதும், சில வேளை வராமலே விடுவதும் உண்டு. கச்சேரி வைத்தவர்கள் பட்ட பாடு தனிக் கதை. மனம் இசைந்தால் விடியும் வரை வாசிப்பார். இசையாவிட்டால் எந்தப் பிரபுவாலும் அவரைத் தூண்ட முடியாது. ஏராளமாகச் சம்பாதித்தார், கையில் நிற்கவிடாமற் செலவழித்தார். இந்த ஓர் இடத்திலே கிளிஃபோர்ட் பிரவுண் அவருக்கு நேர் எதிர். கல்லூரியிலே கணிதம் பயிலப் புகுந்தவர் பிரவுண். 1950இலே நிகழ்ந்த முதல் விபத்துக்குப் பின் ஓராண்டுக் காலம் மருத்துவமனையிற் கிடந்து, மீண்டும் பயின்று எழுந்தவர். போதைப் பொருளும் மதுவும் சக கலைஞர்களிற் பலரை அழித்துக்கொண்டிருந்த சூழலிலே அவற்றைத் தொடாதவர். ஒழுக்கமாக வாழ்ந்தவருக்கு 25 வயது. ஒழுங்கில்லாமல் வாழ்ந்தவருக்கு 58 வயது. இதிலிருந்து நீதி எதுவும் எடுக்க இயலாது. மாணவர்களுக்கு உபதேசம் செய்ய விரும்பும் ஆசிரியருக்கு இவ்விருவர் வாழ்க்கையும் ஒருங்கே வைத்துப் பார்க்கையில் பெரிய சங்கடந்தான்.

அவருக்குப் பின் அவர் வழி நின்றோருள் முதன்மையானவர் காருகுறிச்சி அருணாசலம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து பிள்ளையவர்களுக்குச் சீடராகி, அவருடன் சேர்ந்து வாசித்துத் தேர்ந்தவர். 1962இலே வெளிவந்த 'கொஞ்சும் சலங்கை' திரைப்படத்திலே எஸ். ஜானகியின் குரலோடு அவரது நாகசுரம் இணைந்தபோது, நாகசுரம் என்றாலே கலியாண மேளம் என்று மட்டும் எண்ணியிருந்தோரும் நின்று கேட்டனர். அவர் 1964இலே, நாற்பத்துமூன்றாம் வயதை எட்டுமுன்போ எட்டிய நிலையிலோ, இளமை மாறாமலே மறைந்தது பேரிழப்பு. ஆந்திர நாட்டிலே முஸ்லிம் குடும்பமொன்றிற் பிறந்த ஷேக் சின்ன மௌலானா, பிள்ளையவர்களின் இசையில் ஈடுபட்டுத் தஞ்சாவூர்ப் பாணியைக் கற்று, திருவரங்கத்திலே குடியேறி, பெரும் வித்துவானாக விளங்கினார். இராகத்துக்குச் சாதியும் இல்லை, சமயமும் இல்லை என்று மேடைகளிலே பலர் பேசுவர். சின்ன மௌலானா அதனைப் பேசாமல் வாசித்தார்.

நமது நாட்டிலும் இக்கலை தழைத்தது. தஞ்சை நாட்டு வித்துவான்கள் யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாக்களுக்கு வந்து வாசித்ததும், இங்குள்ளோர் அங்கே சென்று பயின்றதும் தலைமுறை தலைமுறையாக நிகழ்ந்தவை. அளவெட்டி என். கே. பத்மநாதனின் நாகசுரத்தையும், தமிழ்நாட்டு மேடைகளையே வியக்க வைத்த வி. தட்சணாமூர்த்தியின் தவிலையும் ஈன்றது அந்தத் தொடர்பு. தட்சணாமூர்த்தி 1975இலே தமது நாற்பத்தோராம் வயதிலே காலமானார்.

மலைநாட்டிலே தோட்டத்துக் கோயில்கள் பலவற்றிலும் திருவிழாக் காலத்திலே நாகசுரமும் தவிலும் ஒரு புறமும், தப்பு மறு புறமுமாக ஒலிக்கக் கேட்கலாம். நாகசுரக்காரருக்கு இன்று நாற்காலியோ மேடையோ உண்டு. பழம், வெற்றிலை, மாலை மரியாதைகளும் உண்டு. அந்த இருக்கை வானத்திலிருந்து விழுந்ததன்று. அதற்காக ஒருவர் வாழ்நாளெல்லாம் பொல்லாதவர் என்று பெயர் வாங்கியிருக்கிறார். தப்புக்காரர் இன்னும் பல இடங்களில் நின்றபடியேதான் இருக்கிறார். பாடசாலைத் தமிழ்த் தின விழாக்களிலும் கலை விழாக்களிலும் தப்பு மேடை ஏறத் தொடங்கியிருப்பது உண்மை. மேடையிலே மாணவன் அடித்தால் கை தட்டுகிறோம். அதே தப்பை அவனுக்குக் கற்றுக்கொடுத்த முதியவரை விழாவுக்கு அழைத்து, முதல் வரிசையிலே அமர வைத்தோமா என்பதை அந்தந்த ஊரார் நினைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

கலியாண மண்டபங்களிலோ வேறொரு மாற்றம் வந்துவிட்டது. ஒலிபெருக்கியிலே பதிவு செய்த நாகசுரத்தை வைத்துவிட்டுத் தாலி கட்டும் நேரத்திலே 'கெட்டி மேளம்' என்று சொல்லி ஒலியைக் கூட்டுகிறார்கள். செலவு குறைவு, ஒப்புக்கொண்டு வராமற் போகும் அச்சமும் இல்லை. நிற்க வைப்பதா உட்கார வைப்பதா என்ற கேள்விக்கும் அங்கே இடமில்லை. ஏனெனில் வாசிப்பவரே அங்கு இல்லை.

பிள்ளையவர்களின் பெயரால் சென்னையிலே இராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு கலையரங்கம் இருக்கிறது. வானொலிக்காகவும் இசைத்தட்டுகளுக்காகவும் அவர் வாசித்தவற்றுட் சில இன்றும் கேட்கக் கிடைக்கின்றன. இரைச்சல் மிகுந்த பழைய பதிவுகள்; ஆயினும் தோடியிலே அந்த மத்தியமம் வந்து நிற்கும் இடம் தெளிவாகக் கேட்கிறது. நரசிங்கம்பேட்டையிலே ஆசாரிமார் குடும்பங்கள் இன்றும் ஆச்சா மரத்தைக் கடைந்து பாரி நாகசுரம் செய்கின்றன. பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் உத்திரங்களைத் தேடி வாங்குவார்கள். நெடுங்காலம் உலர்ந்த மரமே நல்ல நாதம் தரும் என்பது அவர்கள் அனுபவம். 2022ஆம் ஆண்டு நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. அங்கே கடைந்து முடித்த குழலை, விற்பதற்கு முன் ஒருவர் எடுத்துச் சீவாளி பொருத்தி, முதலில் ஊதிப் பார்ப்பது மத்தியமம் சரியாகப் பேசுகிறதா என்பதைத்தான்.